ட்ரவுட் இல்லாத ஊரில் ஒரு ட்ரவுட் தடி

பிடிக்கு மேலே பொன்னிற எழுத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறது. அல்ட்ரா லைட். நீளம் ஆறடி ஆறங்குலம். நூல் 2 முதல் 6 இறாத்தல், இரை 1 முதல் 7 கிராம். தடி வந்த துணி உறையில் இரண்டு மீன்களின் படம். ஒன்று ட்ரவுட், மற்றது பாஸ். இரண்டும் தொண்டைமானாற்றில் இல்லை. வடமராட்சியில் இல்லை. குடாநாட்டின் எந்த மூலையிலும் இல்லை.

ஸ்காபரோவில் இருக்கிற மாமா போன ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்த தடி இது. ஒன்ராறியோ ஏரிகளில் சனி ஞாயிறு என்றால் மீன் பிடிக்கப் போகிற ஆள் அவர். அங்கே அதற்கு லைசன்ஸ் எடுக்க வேணும், எந்த மீனுக்கு எந்த மாதம் என்று காலம் இருக்கிறது, ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கும் இருக்கிறது. அதெல்லாம் சரியாகப் பார்த்து, பிடித்த மீனில் முக்கால்வாசியைத் திரும்பத் தண்ணிக்குள் விட்டுவிடுவாராம். இங்கே வந்து மூன்று கிழமையும் கோயில், கலியாணவீடு, காணி உறுதி என்று அலைந்ததில் ஒரு தரமும் தடியைக் கையில் எடுக்கவில்லை. போகிற அன்று சூட்கேசில் இடமில்லை. “நீ வைச்சிரு பிள்ளை. லீவில சும்மா விளையாடு” என்று என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அந்த ‘விளையாடு’ என்ற சொல்தான் எங்கள் வீட்டில் பிறகு பெரிய கதையாகிப் போனது.

அப்பா கடல் தொழில். பிளாஸ்ரிக் போட், எஞ்சின், வலை. அம்மப்பாவும் அப்பப்பாவும் தொழில்தான். தடியைக் கையில் வாங்கி நுனியைச் சுவரில் வைத்து வளைத்துப் பார்த்தார். நுனி ஈர்க்கு மாதிரி வளைந்து வந்தது.

“உதென்ன பிள்ளை, ஈர்க்குக் கட்டு மாதிரிக் கிடக்கு. உதால என்ன, சூடை பிடிக்கப் போறியோ?”

“உது ட்ரவுட்டுக்கும் பாஸுக்கும் செய்தது அப்பா.”

“பாஸோ?”

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எங்கட அப்பாவின் வயது ஆட்களுக்குக் கடற்கரையில் பாஸ் என்றால் ஒன்றுதான். சண்டைக் காலத்தில் கடலுக்கு இறங்குவதற்குக் கடற்படையிடம் காட்டின அட்டை. அதைக் கொடுத்துவிட்டுப் போக வேணும், சொன்ன நேரத்துக்குள் திரும்பி வந்து வாங்க வேணும், சொன்ன தூரத்துக்கு அப்பால் போக ஏலாது. பாஸ் இல்லாத நாள் உலை இல்லாத நாள். நான் விளக்கம் சொன்னேன், பாஸ் என்றால் கனடாவில் ஒரு மீன் என்று. “நல்ல பேர்தான் வைச்சிருக்கிறாங்கள்” என்று சொல்லித் தடியைத் திருப்பித் தந்தார்.

*

ட்ரவுட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேணும். இலங்கையில் அது இருக்கிறது, ஆனால் எங்களிடமிருந்து ஒரு முழு நாள் பஸ் பயணம் தள்ளி, குளிர் மலையில். அங்கேயும் அது உள்ளூர் மீன் அல்ல. 1882இல் ஐரோப்பாவில் இருந்து பிரவுண் ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள் வெள்ளைக்காரர்கள். பிறகு ரெயின்போ ட்ரவுட் வந்தது, அதுதான் அந்த ஓடைகளில் தானாகப் பெருகியது. 1896இல் இதற்கென்றே ஒரு கழகமும் தொடங்கிவிட்டார்கள். நீலகிரியிலும் ஏறத்தாழ இதே கதை. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தோமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி, அது போதாதென்று 1887இல் குளங்களில் தூண்டில் போடுவதற்கு மட்டும் தனியாக இன்னொன்று எழுதினார்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமான காரியம். கோப்பியும் தேயிலையும் காசுக்காக வந்தன, விளங்குகிறது. ஒரு மீனை முட்டையாக, பனிக்கட்டிக்குள் வைத்து, கடல் தாண்டிக் கொண்டுவருவது எதற்காக? பின்னேரத்தில் ஒரு ஓடைக்கரையில் நின்றால் ஊரில் நிற்பது போல இருக்க வேணும் என்பதற்காக. புலம்பெயர்ந்தவன் முருங்கைக்காய் தேடுகிற மாதிரித்தான். வித்தியாசம், அவர்களிடம் கப்பலும் ஆட்சியும் இருந்தன.

இதைச் சொல்வதால் தூண்டிலை ரசிப்பதே வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலைப்பீடத்தில் முதலாம் வருடத் தமிழில் அகநானூற்றின் 36ஆம் பாட்டைப் படித்தோம். வரால் ஒன்று தூண்டிலின் இரையை விழுங்கிவிட்டு, இழுக்கிறவனுக்கு வர மறுத்து, ஆம்பல் இலையைக் கிழித்து, கொடிகளைக் குழப்பி, கோபம் வந்த எருது மாதிரி விடியற்காலைக் குளத்தையே கலக்குகிறது. அதை எழுதினவர் அந்த மீனைக் கறியாக மட்டும் பார்த்தவர் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. சோதனையில் அதை எழுதினால் புள்ளி வராது என்பதால் எழுதவில்லை.

*

இனித் தடி. இதில் போட்டிருக்கிற றீல் 1000 அளவு, என் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே பின்னல் நூல், 6 இறாத்தல், தையல் நூலை விட மெல்லிசு. அதன் நுனியில் ஒரு முழத்துக்கு மேல் தங்கூசி முடிய வேணும், ஏனென்றால் பின்னல் நூலை மீன் தண்ணிக்குள் கண்டுவிடும், கல்லில் உரசினால் உடனே தேய்ந்தும் போகும். இரண்டு நூலையும் சேர்க்கிற முடிச்சை யூரியூப்பில் பார்த்து இரண்டு இரவு பழகினேன். மூன்றாம் இரவு அப்பா வந்து பார்த்தார். வலை பொத்துகிற கை. நான் ஐந்து நிமிடம் எடுக்கிற முடிச்சை அரை நிமிடத்தில் போட்டு, வாயில் நனைத்து இறுக்கி, பல்லால் நுனியைக் கடித்துத் துப்பினார். யூரியூப்காரன் காட்டினதை விட அது சின்னதாக இருந்தது.

இப்படியான மெல்லிய சாமான்களால் பெரிய மீனைப் பிடிக்கிற சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தடியின் வளைவு. மீன் திடீரென்று வெட்டி இழுக்கும்போது அந்த அதிர்ச்சியைத் தடி வாங்கிக்கொள்ளும், நூலுக்குப் போகவிடாது. மற்றது றீலில் இருக்கிற பிறேக். அதை இறுக்கலாம், தளர்த்தலாம். நூல் எவ்வளவு தாங்குமோ அதில் கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் வைக்க வேணும் என்பது கணக்கு. 6 இறாத்தல் நூலுக்கு முக்கால் கிலோ அளவில் வரும். தராசு தேவையில்லை. ஒரு லீற்றர் போத்தலில் முக்கால்வாசி தண்ணி விட்டு நூல் நுனியில் கட்டி, தடியால் தூக்கிப் பார்த்தேன். போத்தல் நிலத்தை விட்டு எழும்புகிற அந்த நேரம் றீல் கறகற என்று நூலை விட்டால் சரி. அம்மா குசினி வாசலில் நின்று, போத்தல் பிடிக்கிற பிள்ளை என்று பக்கத்து வீட்டு மாமிக்குச் சொன்னா.

அப்பா இந்தப் பிறேக்கை மட்டும் கன நேரம் பார்த்தார். திருகி, இழுத்து, திரும்பத் திருகி. பிறகு தன்னுடைய கைத்தூண்டிலை எடுத்துவந்து காட்டினார். ஒரு மரக்கட்டையில் சுற்றின தங்கூசி, நுனியில் ஈயம், தூண்டில் முள். வேறொன்றும் இல்லை. நூலைச் சுட்டுவிரலின் மேல் போட்டு, பெருவிரலால் மெல்லத் தொட்டபடி வைத்திருந்தார். “இழு” என்றார். நான் மற்றப் பக்கத்தில் இருந்து இழுத்தேன். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று இழுத்தால் வேகமாக விட்டது, தளர்த்தினால் உடனே அவர் பக்கம் போனது. அவருடைய விரலில் ஒரு கோடு இருக்கிறது, நூல் அறுத்து அறுத்துத் தழும்பான கோடு. றீல் செய்கிற வேலையை அவரது இரண்டு விரல்கள் நாற்பது வருடமாகச் செய்திருக்கின்றன.

*

தொண்டைமானாறு ஆறு இல்லை என்பது வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமே கிடையாது. அது வடமராட்சிக் களப்பு வடக்குக் கடலோடு சேருகிற வாய். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்று கதை. 1950களில் அதற்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள், உப்புத் தண்ணி உள்ளே ஏறாமல் மறித்து மாரித் தண்ணியைத் தேக்கி வைக்கலாம் என்று. அந்தக் கதவுகளின் அருகில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, எட்டத்தில் சந்நிதிக் கோபுரம். சந்நிதிக் கோயிலின் கதையும் கடல் தொழில் செய்த ஒருவரில் இருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்கும் அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை.

புரட்டாதி முழுவதும் சனிக்கிழமைகளில் அங்கே போனேன். முதல் நாள் மூன்று கிராம் இரும்பு மீனைக் கட்டி எறிந்ததில் சோளகக் காற்று அதை எனக்குப் பின்னாலேயே கொண்டுவந்து போட்டது. இந்த எடைக்கு எதிர்க் காற்றில் ஒன்றும் செய்ய ஏலாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேணும், அல்லது விடிய ஐந்தரைக்கு, காற்று எழும்ப முதல் வர வேணும். நான் இரண்டாவதைப் பழகினேன். காற்றில்லாத காலையில் மூன்று கிராம் நம்பமுடியாத தூரம் போகிறது. நூல் அவ்வளவு மெல்லிசு.

மீன்களைப் பற்றிச் சொன்னால், எனக்கு முதல் கிடைத்தது பேத்தை. இரண்டாவதும் பேத்தை. மென்மையான றப்பர் மீன் குஞ்சுகள் மாமாவின் பெட்டியில் இருபது இருந்தன. பேத்தைக்குப் பல் கிளியின் சொண்டு மாதிரி, இழுப்பே தெரியாமல் வாலை மட்டும் நறுக்கென்று வெட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு சனிக்கிழமையில் பதினொரு றப்பர் மீன் வாலில்லாமல் போயின. கனடாவில் இப்படியொரு எதிரியை நினைத்து இந்தச் சாமானைச் செய்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு இரும்பு மீனும் சுழலும் தகடும்தான் போட்டேன். தகட்டுக்குப் பாரைக் குட்டிகள் வந்தன. உள்ளங்கை நீளம்தான், ஆனால் அந்தத் தடியில் உள்ளங்கை நீளப் பாரை ஒரு ஆட்டுக்கடா மாதிரி இழுக்கிறது. லைட் ரக்கிளின் முழு நியாயமும் இதுதான் என்று நினைக்கிறேன். வலையில் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத மீனுக்கு அது ஒரு மரியாதை தருகிறது.

அணையில் என்னைத் தவிரப் பொம்பிளைகள் இல்லை. கைத்தூண்டில் போடுகிற நாலைந்து பேர் வழமையாக வருவார்கள். அவர்களில் வயதான ஒரு ஐயா முதல் நாளே கேட்டார்.

“தங்கச்சி ஆற்ற பிள்ளை?”

சொன்னேன்.

“தொழில்காரன்ர பிள்ளையோ. அப்ப ஏன் இஞ்ச நிக்கிறாய்?”

அந்தக் கேள்வியில் நான் பெட்டை என்பது பாதிதான். மற்றப் பாதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடற்கரையில் பொம்பிளைகள் வேலை செய்யாமல் இல்லை. வலையில் இருந்து மீன் கழட்டுவது, தரம் பிரிப்பது, கருவாடு போடுவது எல்லாம் அம்மாவும் பெரியம்மாவும்தான். ஆனால் ஐயா கேட்டது வேறு. வள்ளம் இருக்கிற வீட்டு ஆள் ஏன் அணையில் நின்று தூண்டில் போடுகிறது என்பது.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அதற்கு முன்னால் மாதக்கணக்காக எண்ணெயே இல்லை, கான்களை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் ஒழுங்கையில் படுத்திருந்தார்கள். எங்கட போட் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நான் அப்போது ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அப்பா பின்னேரம் ஒரு பையோடு வெளிக்கிட்டுப் போவார், இருட்டின பிறகு வருவார். பையில் சில நாள் நாலு மீன், சில நாள் ஒன்றும் இல்லை. எங்கே போனார் என்று நாங்கள் கேட்டதில்லை. அணைக்குத்தான் போயிருக்கிறார். அந்த ஐயாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். எங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம், தொழில்காரனுக்கு அது தலைக் குனிவு. வள்ளம் ஓடாத நாளில்தான் அணையில் நின்று தூண்டில் போடுவது.

இப்போது நான் அதே இடத்தில், பொன்னிற எழுத்துப் போட்ட தடியோடு, சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் ஒரு நாளும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அணைக்கு வரவும் இல்லை.

*

கார்த்திகையில் மழை பிடித்துப் பெய்தது. களப்பில் தண்ணி ஏறி, கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மண்ணிறத் தண்ணி கடலுக்குள் நாக்கு நீட்டின மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, என்னைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்து, “கலங்கலும் தெளிவும் சேருற கோட்டில போடு. கொடுவா அதிலதான் நிக்கும்” என்றார்.

அடுத்த நாள் விடிய அந்தக் கோட்டுக்குத் தகட்டை எறிந்தேன். ஆறாம் ஏழாம் எறிவில் தகடு கல்லில் மாட்டின மாதிரி நின்றது. பிறகு கல் நகர்ந்தது. தண்ணிக்கு வெளியே ஒரு வெள்ளி முதுகு எழும்பி, தலையை இடமும் வலமும் உதறி, திரும்ப விழுந்தது. றீல் கத்தத் தொடங்கியது.

கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி மாதிரி. நூல் அதில் பட்டால் முடிந்தது. அதைத் தடியால் தூக்கவும் ஏலாது, ஓட விட்டால் கதவுத் தூணைச் சுற்றிவிடும். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, ஐயா பத்து நிமிடம் என்று பிறகு சொன்னார். நான் அந்த நேரம் முழுவதும் அப்பாவின் இரண்டு விரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெடுக்கென்றால் விடு, தளர்ந்தால் எடு. கடைசியில் ஐயா கட்டிலிருந்து இறங்கிப் போய்க் கீழ்த்தாடையில் பெருவிரலை வைத்துத் தூக்கித் தந்தார். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை நீளம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா தலையைக் கூழுக்கு வைத்தா, உடலைப் புளி விட்டுக் குழம்பு. எல்லாரும் சாப்பிட்டோம். அப்பா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு நாளைக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு கொடுவா, ஒரு சாண் வரும். அதை விட்டேன். ஐயா ‘ஐயையோ’ என்று கத்தினது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. நான் வீட்டுக்கு வர முதலே செய்தி வந்துவிட்டது.

“பிடிச்ச மீனை விட்டனியாம்.”

“சின்னன் அப்பா.”

“சின்னன் எண்டால் பொரிக்கிறது.”

நான் படித்ததைச் சொன்னேன். கொடுவா ஒரு விசித்திரமான மீன். பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்கின்றன. சில வருடம் போய், ஒரு மீற்றர் நீளத்தை நெருங்குகிற அளவில்தான் பெண்ணாக மாறுகின்றன. அதனால் சின்னதும் நடுத்தரமும் எல்லாவற்றையும் பிடித்தால் பிறகு முட்டை போடுவதற்குத் தாயே இராது. அப்பா கவனமாகக் கேட்டார். இது அவருக்குப் புதிதா, தெரிந்ததா என்று முகத்தில் பிடிபடவில்லை. பெரிய கொடுவாவில் எப்போதும் சினைதான் இருக்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்:

“நீ விட்ட அது எங்க போகும்?”

“களப்புக்க.”

“களப்புக்க சிறகுவலை கட்டிக் கிடக்கு. தங்கூசி வலை கிடக்கு. நீ விட்டதை நாளைக்கு இன்னொருத்தன் எடுப்பான். அவன் உன்னை மாதிரி ஒரு தூண்டிலோட வரேல்ல. கடலுக்க போனால் றோலர் எடுக்கும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. தங்கூசி வலைக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. இழுவை மடிக்கு 2017இல் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த பிறகும் இரவில் எங்கள் கரையில் இருந்து பார்த்தால் அக்கரை றோலர்களின் வெளிச்சம் ஊர்த் திருவிழா மாதிரித் தெரியும். அவை அடியை வாரிக்கொண்டு போகும்போது எங்கட ஆட்களின் வலையும் சேர்ந்து போகும். வலை போன வீட்டின் கடன் எவ்வளவு என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கடலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சாண் மீனை நான் திருப்பி விட்டது யாருக்கு உதவும் என்று அவர் கேட்பது நியாயம்.

ஆனால் நான் விட்டது நியாயமில்லை என்றும் எனக்குத் தோன்றவில்லை. மாமாவின் ஊரில் அந்த விதி ஏன் வேலை செய்கிறது என்றால் விடுகிறவர்கள் நல்லவர்கள் என்பதால் இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி, மீறினால் தண்டம், அதைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஏரியில் மீன் பிடிக்காவிட்டாலும் அவருக்குத் திங்கட்கிழமை சம்பளம் இருக்கிறது. அந்த இரண்டும் இல்லாத இடத்துக்குத் தடியை மட்டும் பார்சலில் அனுப்பலாம், பழக்கத்தை அனுப்ப ஏலாது. கொழும்பில் இருந்து வருகிற சிலர் யாழ்ப்பாணத்தில் தூண்டில் சுற்றுலா நடத்தலாம், களப்பில் நல்ல மீன் இருக்கிறது என்று கதைக்கிறார்கள். நடத்தலாம்தான். அந்தக் காசில் களப்பைக் காவல் காக்கிற ஊர்ச் சங்கங்களுக்கு என்ன பங்கு என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்கினால் நல்லது. சும்மா விட்டால் 1896 கதைதான்.

அப்பாவுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். மிச்சத்துக்கு முன்னம் அவர் எழும்பிப் போய்விட்டார், போட்டில் தண்ணி இறைக்க.

*

இந்தத் தடி யாருக்காவது கிடைத்தால் உதவும் என்று சில விஷயம். எங்கட தண்ணி உப்பு. இந்த றீல் நன்னீர் ஏரிக்குச் செய்தது. ஒவ்வொரு தரமும் வந்தவுடன் நல்ல தண்ணியால் மெதுவாகக் கழுவி, நிழலில் காயவைத்து, பிடிச்சுற்றில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேணும். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளுக்குத்தான் போகும். இரையில் வருகிற முக்கொழுவி முள்ளும் அந்த வளையங்களும் இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிட்டன, துருப்பிடிக்காத ஒற்றை முள் மாற்றிப் போட்டேன். ஒற்றை முள் மீனைக் கழட்டி விடுவதற்கும் சுகம். அறுந்த நூலைத் தண்ணியில் எறிய வேண்டாம். அணைக்குக் கீழே ஒரு நீர்க்காகம் காலில் தங்கூசி சுற்றிக் காய்ந்து தொங்கினதைப் பார்த்திருக்கிறேன். நூல் உக்காது. காகம் உக்கி முடிந்த பிறகும் அது அங்கே கிடந்தது.

களப்பின் உள்பக்கம் எறிவதென்றால் கண்டல் வேருக்கும் சிறகுவலைக் கம்புக்கும் தூரத்தில் நில்லுங்கள். கம்பில் மாட்டினால் உங்கள் நூல் மட்டும் அறுந்து போவதில்லை, இன்னொருவருடைய வலையும் கிழியும்.

தை பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு அணையில் நின்றபோது பின்னால் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஐயாதான் “வா தம்பி, எவ்வளவு காலம்” என்றார். அப்பா வந்து கட்டில் குந்தினார். கைத்தூண்டில் கொண்டுவரவில்லை. இருபது நிமிடம் போல நான் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீலா வந்து நூலைக் கத்தரித்துக்கொண்டு போனது, மாமாவின் கடைசி வெள்ளித் தகட்டோடு.

“முன்னுக்கு ஒரு சாண் கம்பி போட்டிருக்கலாம்” என்றேன் நான்.

“கம்பி போட்டால் சீலா கிட்டவும் வராது. அது காணும்.”

“போடாட்டி வெட்டுது.”

“நூலைத் தடிப்பாக்கு. உந்த 6 இறாத்தலை விட்டிட்டு முன்துண்டுக்கு ஒரு 20 இறாத்தல் தங்கூசி முடி.”

“இந்தத் தடிக்கு 6தான் அப்பா. எழுதியிருக்கு.”

“எழுதினவன் சீலாவைக் கண்டவனோ?”

முன்துண்டு தடிப்பாக இருந்தால் மூன்று கிராம் தகடு பறக்காது என்று நான் சொன்னேன். தகட்டை ஏழு கிராம் ஆக்கு என்றார். அப்போது காலைக் காற்றில்லாத நேரத்தில் தண்ணியில் விழுகிற சத்தம் கூடும் என்றேன். ஐயா இடையில் புகுந்து உயிர் முரலைக் கொழுவிப் போட்டால் இந்தப் பிரச்சினை ஒன்றும் வராது என்றார். வெயில் ஏறும் வரைக்கும் மூன்று பேரும் அதிலேயே நின்றோம். வருகிற சனிக்கிழமை 20 இறாத்தல் கட்டிப் பார்க்கப் போகிறேன்.